கேன்டீன் மேசையே இல்லாத பள்ளிக்கூடத்தில் கேங் எங்கே உட்காரும்? – குறும்படத்துக்கு யோசனை வேண்டும்

பென்னாகரம்_ரோடு

வணக்கம். 25 நிமிஷக் குறும்படம் ஒண்ணு எழுதிட்டிருக்கோம். களம் தர்மபுரி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி, பதினொண்ணாங் கிளாஸ். அமெரிக்க ஹைஸ்கூல் படங்கள்ல பசங்க செட்டு செட்டா பிரிஞ்சு கிடப்பாங்களே, அதை நம்ம ஊருக்குக் கொண்டாரணும். இப்போதைக்கு இருக்கற ஆளுங்க: பணக்காரப் பொண்ணு, அவ கூடவே சுத்தற ரெண்டு பேரு, கபடி கேப்டன், கண்ணாடி போட்ட படிப்ஸ், யார்கிட்டயும் பேசாம நோட்டுல படம் வரையற பையன், ஓசூர்ல பிரைவேட் ஸ்கூல்ல இருந்து புதுசா வந்து சேர்ற பொண்ணு. முதல் சீன்ல மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒருத்தி புதுப்பொண்ணுக்கு ஒவ்வொரு கூட்டத்தையும் கைகாட்டிச் சொல்லிக்கிட்டே போறா.

ஸ்கிரிப்ட்டைப் படிச்சவங்க எல்லாரும் "டப்பிங் படம் மாதிரி இருக்கு"ன்றாங்க. வசனத்தை மாத்திப் பார்த்தாச்சு, போகல. எங்க இடிக்குது?

தொப்பூர்க்கணவாய்

வசனத்தில் இல்லை, கட்டடத்தில் இடிக்கிறது. உங்கள் முதல் காட்சி 2004-ல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' படத்தின் கேன்டீன் காட்சி. எந்த மேசையில் எந்தக் கூட்டம் என்று வரைபடமே போட்டுக் கொடுப்பார்கள். அது அங்கே எடுபடுவதற்குக் காரணம் அந்தப் பள்ளிக்கூடம் நடக்கும் முறை.

அமெரிக்க ஹைஸ்கூல் என்பது பெரும்பாலும் 9 முதல் 12 வரை நான்கு வருடம். மாணவனுக்கென்று நிரந்தர வகுப்பறை கிடையாது. ஆசிரியர் அறையிலேயே இருப்பார், பையன்தான் பீரியடுக்குப் பீரியட் அறை மாறுவான். கணக்கு வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் அடுத்த மணிக்கு வேறு எங்கோ இருப்பான். ஆகவே "நீ யார் கூட?" என்ற கேள்விக்கு வகுப்பறை பதில் சொல்லாது. பதில் சொல்லும் இடங்கள் மூன்றுதான்: நடைபாதை லாக்கர், கேன்டீன் மேசை, கார் நிறுத்துமிடம். மூன்றிலும் யார் எங்கே நிற்பது என்பதை ஆசிரியர் தீர்மானிப்பதில்லை. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் சீருடை இல்லாததால் சட்டையே முகவரி ஆகிவிடுகிறது. நிறைய மாநிலங்களில் 16 வயதில் கார் ஓட்டலாம். வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்க ஃபுட்பால் பார்க்க ஊரே வரும். இத்தனையும் சேர்ந்துதான் அந்த விளையாட்டு வீரனுக்கும் அந்த 'ராணி'ப் பெண்ணுக்கும் அதிகாரம் தருகின்றன.

1961-ல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், இலினாய் மாநிலத்தில் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து எழுதினார். நன்றாகப் படிப்பவன், விளையாட்டு நட்சத்திரம், எல்லாருக்கும் பிடித்தவன் – இதில் எதுவாக உன்னை நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்டால், பையன்கள் அதிகம் தேர்ந்தெடுத்தது விளையாட்டை. 1989-ல் பெனிலோப்பி எக்கர்ட், டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளியை வைத்து எழுதிய நூல் இன்னும் உதவும். அங்கே இரண்டு துருவங்கள். ஒன்று, பள்ளிக்கூடத்தையே உலகமாக எடுத்துக்கொண்ட நடுத்தர வர்க்கப் பிள்ளைகள். மற்றது, பள்ளிக்கு வெளியே தெருவையும் வேலையையும் பார்த்து நிற்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் தங்களை இரண்டுக்கும் நடுவில்தான் வைத்துக்கொண்டார்கள். சினிமா முதலில் வெட்டி எறிவது இந்த நடுவில் இருப்பவர்களை.

ஆகவே ஆளை எழுதும் முன் இடத்தை எழுதுங்கள். உங்கள் பள்ளியில் ஆசிரியர் சொல்லாமல் பிள்ளைகளாகவே இடம் பிடிக்கும் மூலைகள் எவை? அங்கேதான் கூட்டம் இருக்கும்.

மாங்கொட்டை

நம்ம ஸ்கூல்ல பசங்களா இடம் பிடிக்கற ஒரே இடம் டவுன் பஸ் ஜன்னல் சீட்டு. ஜன்னல் வழியா பையைப் போட்டா பட்டா மாதிரி.

சாக்பீஸ்தூள்

மாங்கொட்டை விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். நம் பள்ளிகளில் பிரிவினையை உண்டாக்குபவை எவை என்று, படத்துக்குப் பயன்படும் கோணத்தில் சொல்கிறேன்.

முதலில் குரூப். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கிறார்கள். கணக்கு-உயிரியல், கணினி அறிவியல், வணிகவியல்-கணக்குப்பதிவியல், அதன்பின் தொழிற்கல்விப் பிரிவுகள். ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் ஜூன் மாதம் ஒரே நாளில் பிரிகிறார்கள். அமெரிக்கப் படத்தில் கேன்டீன் செய்யும் வேலையை இங்கே சேர்க்கை நாளன்று தலைமையாசிரியர் அறை வாசல் செய்துவிடுகிறது. அதன்மேல் தமிழ் வழி, ஆங்கில வழி என்று இன்னொரு கோடு. ஆங்கில வழி செக்‌ஷனில் தலைகள் குறைவாக இருந்தால் ஆசிரியர் கவனம் அதிகம் கிடைக்கும். மற்ற செக்‌ஷன்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, மாதத் தேர்வுக்குப் பின் போடும் பட்டியல். 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' என்று பெயர் எழுதித் தனியாக உட்கார வைப்பார்கள். கையில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் பாடத்தாள், மினிமம் மெட்டீரியல். நூற்றுக்கு 35 எடுத்தால் போதும் என்பது அவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு. இதைவிடத் தெளிவாக ஒரு கூட்டத்தை யாரும் வரைந்து காட்ட முடியாது, அதுவும் கல்வித்துறையே வரைந்து கொடுத்தது. அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்குள் உருவாகும் ஒட்டுதல், எந்த 'கடைசி பெஞ்ச்' நகைச்சுவைக் காட்சியிலும் வந்ததில்லை.

மூன்றாவது, பஸ். மாலை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் உள்ளூர்ப் பிள்ளைகளும் சைக்கிள் பிள்ளைகளும் இருப்பார்கள். வத்தல்மலை, சித்தேரி போல மலைமேல் இருந்து வருகிறவர்களால் இருக்க முடியாது. ஒரு பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். எனவே ஸ்பெஷல் கிளாஸில் சொல்லித்தந்த கணக்கு அவர்கள் நோட்டில் இருக்காது. மறுநாள் காலை யாரிடம் நோட்டு வாங்குவது? உங்கள் கதையின் சக்கரம் இங்கேயே சுற்ற ஆரம்பிக்கும்.

நான்காவது, விடுதி. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

கண்ணாடி போட்ட படிப்ஸ் பற்றி ஒன்று. இப்போது மாவட்டத்துக்கு ஒரு அரசு மாதிரிப் பள்ளி, தங்கும் விடுதியோடு இருக்கிறது. மாவட்ட அளவில் முந்தி நிற்கும் பிள்ளைகள் அங்கே தேர்வாகிப் போய்விட வாய்ப்பு அதிகம். உங்கள் பள்ளியில் எஞ்சியிருக்கும் 'முதல் ரேங்க்', போக முடியாமல் இருந்தவனாகவோ, போகப் பிடிக்காமல் இருந்தவளாகவோ இருக்கலாம். ஏன் போகவில்லை என்ற காரணம்தான் அந்தப் பாத்திரம். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

பென்னாகரம்_ரோடு

மெல்லக் கற்போர் பட்டியல் உடனே ஸ்கிரிப்ட்டுக்குள்ள போகுது. ஆனா ஒரு சந்தேகம். எல்லாரும் ஒரே யூனிஃபார்ம். அங்க உடுப்பைப் பார்த்தே ஆளு யாருன்னு தெரிஞ்சிடும். நாம 25 நிமிஷத்துல எப்படிப் பிரிச்சுக் காட்டறது?

டேக்_டூ

யூனிஃபார்ம் உங்களுக்கு எதிரி இல்ல. அங்க காஸ்ட்யூம் டிசைனர் கலர்ல பிரிப்பாரு. 'ஹீதர்ஸ்' படத்துல அந்தப் பொண்ணுங்களுக்கு ஆளுக்கொரு கலர், சிவப்பு, பச்சை, மஞ்சள்னு. நமக்கு ஒரே கலர், ஆனா ஷேடு வேற வேற. எட்டாவது வரைக்கும் சத்துணவு சாப்பிடற பிள்ளைங்களுக்கு இலவசச் சீருடை உண்டு. அதுக்கு மேல துணி அவங்கவங்க எடுக்கறது. அதனால பதினொண்ணாவது லைன்ல நிக்க வெச்சா அஞ்சு விதமான ஷேடு தெரியணும். ஒரே கடையில 36 செட்டு தெச்சு மாட்டினீங்கன்னா முதல் ஷாட்லயே பொய் தெரிஞ்சிடும். மூணு கடையில துணி எடுங்க. கால்வாசியை பத்துத் தடவைக்கு மேல துவைச்சு வெயில்ல காயவைங்க. அண்ணனோட சட்டைன்னா தோள் தையல் கைப்பக்கம் இறங்கி நிக்கும், அதை ரெண்டு பேருக்கு மட்டும் வைங்க.

மத்த அடையாளம்: கவர்மென்ட் சைக்கிள் பதினொண்ணாவதுல எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும். ஸ்போக்ஸ்ல கலர் வயர் சுத்தினது, சீட் கவர், மட்கார்டுல ஒட்டின ஸ்டிக்கர், எருது விடும் விழாவுல ஓடற மாட்டுப் பேரு, இதுலதான் ஆள் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கம்னா மாட்டுப் பேரை விடாதீங்க, பசங்களுக்கு அது பெரிய கெத்து. பொண்ணுங்களுக்கு ரெட்டை ஜடை மடிச்சுக் கட்டின ரிப்பன். அது புதுசா, நைஞ்சதா, ஒரு பக்கம் வேற துணியான்னு பாருங்க.

கபடி கேப்டனுக்கு அமெரிக்கப் படத்துல விளையாட்டு வீரன் போடற ஜாக்கெட் எல்லாம் வேண்டாம். அவன் கையில ஸ்போர்ட்ஸ் ரூம் சாவி குடுங்க. பி.டி. சார் விசிலை அவன் கழுத்துல மாட்டிட்டுப் போறாரு, பிரேயர்ல லைனை அவன் நேர் பண்றான். அதிகாரம் அங்க இருக்கு. குறுவட்டப் போட்டியில ஜெயிச்சா மாவட்டம், அப்புறம் மாநிலம். குறுவட்டத்துல தோத்த மறுநாள் அந்தச் சாவி யார்கிட்ட போகுது? ஒரு வசனமும் இல்லாம கதை நகரும்.

ஆளு எண்ணிக்கை: 25 நிமிஷத்துக்கு ரெண்டு கூட்டம், பேர் சொல்லி நினைவு வெச்சுக்கற மாதிரி நாலு பேர். அதுக்கு மேல போனா ஒவ்வொருத்தருக்கும் அறிமுகம் போடவே எட்டு நிமிஷம் கரைஞ்சிடும். அப்புறம் கண்ணாடி, ஜாக்கெட், சிகரெட்டுன்னு குறுக்கு வழிக்குப் போவீங்க. டைப் பாத்திரம் பொறக்கறதே அப்படித்தான், நேரம் பத்தாம.

அவ்வைநெல்லி

அந்தப் பணக்காரப் பெண்ணும் பின்னால் வரும் இரண்டு பேரும் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. 'மீன் கேர்ள்ஸ்' படத்துக்கு மூலம் ஒரு கதைப் புத்தகம் இல்லை. ரோசலிண்ட் வைஸ்மன் 2002-ல் பெற்றோருக்காக எழுதிய அறிவுரை நூல். பெண்களின் கூட்டத்துக்குள் தலைவி, வலது கை, செய்தி சேகரித்து விற்பவள், நடுவில் மாட்டிக்கொண்டவள் என்று வேலைப் பிரிவினை இருக்கிறது என்பார். பணம் அதில் ஒரு கருவி மட்டும். அந்த வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள், பணக்காரியை விட்டுவிடுங்கள்.

இங்கே அரசுப் பள்ளியில் பெண்களிடையே அதிகாரம் எதிலிருந்து வருகிறது? வாத்தியார் வீட்டுப் பெண் என்பது ஒன்று. வருகைப் பதிவேட்டை எடுத்துப்போய் டீச்சர் அறையில் வைத்துவிட்டு வரும் வேலை இன்னொன்று. அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பது அவள் மூலமாகத்தான் வகுப்புக்கு வரும். மூன்றாவது, போன். வீட்டில் தனக்கென்று போன் இருப்பவள், மற்ற நாலு பேருக்கு அஞ்சல் பெட்டி ஆகிறாள். யாருடைய செய்தியை யாரிடம் சேர்ப்பது, எதைச் சேர்க்காமல் விடுவது என்பது அவள் கையில். ஒரு செய்தியை அவள் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள், வில்லத்தனத்துக்கு முகபாவம் தேவைப்படாது.

புதுப்பெண் விஷயத்தில் ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் 6 முதல் 12 வரை பார்ப்பார்கள். பதினொன்றில் ஓசூர் தனியார் பள்ளியிலிருந்து வருகிறவளுக்கு இரண்டும் கிடைக்காது. ஆனால் வகுப்பில் மற்றவர்கள் "நம்ம சீட்டைப் பிடுங்க வந்துட்டா" என்றே நினைப்பார்கள். அவள் வந்ததோ வீட்டில் ஃபீஸ் கட்ட முடியாமல். தப்பான கணக்கில் பிறக்கும் பகை, அழகுப் போட்டியில் பிறக்கும் பகையைவிட நம்பும்படி இருக்கும்.

இன்னொன்று: கண்ணாடியைக் கழற்றி முடியை அவிழ்த்தவுடன் பெண் அழகி ஆகிவிடும் காட்சி இருந்தால் தூக்கிவிடுங்கள். 1999-ல் வந்த 'ஷீஸ் ஆல் தட்' வகைப் படங்களின் மிச்சம் அது. நம் சினிமாவில் இதற்கு இணை, வெளுப்பான நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசி 'கிராமத்துப் பெண்' ஆக்குவது. ஊரில் கறுப்பான பிள்ளைகளுக்கா பஞ்சம்?

தளிப்பக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துல எடுத்தீங்கன்னா மொழி ஒண்ணு இருக்கு, அதை மறந்துடாதீங்க. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி சுத்துப்பட்டுல வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசற பிள்ளைங்க நிறைய. கிருஷ்ணகிரி டவுன்ல உருதும் உண்டு. 2006-ல வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்கு அப்புறம் எல்லாரும் தமிழ்ப் பாடம் படிக்கணும். கிளாஸ்ல தமிழ், பெஞ்சுக்குள்ள தெலுங்கு, பஸ்ஸுல கன்னடம்னு ஒரே பையன் ஒரே நாள்ல மாறுவான்.

இதைப் படத்துல வைக்க மூணு விஷயம். ஒண்ணு, யார் வந்தா மொழி மாறுதுன்னு பாருங்க. ரெண்டு பேரு தெலுங்குல பேசிட்டிருக்காங்க, மூணாவது ஆள் வந்ததும் தமிழுக்கு மாறினா அவனைச் சேர்த்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். மாறலைன்னா வெளிய நிறுத்திட்டாங்க. ரெண்டு, வகுப்பறையில வாய் திறக்காத பையன் ஊமைக்கோட்டான் இல்ல. தமிழ்ல தப்பா வந்துடுமோன்னு நிறுத்தி வெச்சிருப்பான். உங்க ஓவியப் பையனுக்கு இப்ப ஒரு காரணம் கிடைச்சாச்சு. மூணு, பேச்சை காமெடி ஆக்காதீங்க. 1984-ல வந்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' படத்துல ஆசியப் பையன் வரும்போதெல்லாம் ஒரு காங் மணிச் சத்தம் போடுவாங்க. இன்னைக்கும் அந்தப் படத்தைப் பத்திப் பேச்செடுத்தா முதல்ல வர்ற குறை அதுதான். மியூசிக் டைரக்டர் ஆர்வக்கோளாறுல இப்படி ஏதாவது கொண்டு வருவாரு, எடிட்டிங்லயே தடுத்துடுங்க.

தெலுங்கு, கன்னட வசனத்தை டவுன்காரங்களை வெச்சு எழுதாதீங்க. பெங்களூர்க் கன்னடம் வேற, அஞ்செட்டிக் கன்னடம் வேற. நடிக்கற பையனையே அவன் வீட்டுல எப்படிச் சொல்லுவான்னு சொல்லச் சொல்லி எழுதிக்கோங்க. கீழ சப்டைட்டில் போட்டுக்கலாம்.

மாங்கொட்டை

எல்லாம் சரி, சுத்திச் சுத்தி வரீங்களே. பெரிய குரூப்பைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல. அமெரிக்காக்காரன் ஜாக்கெட் போடறான், நம்மாளு கையில கயிறு கட்டறான். அதை விட்டுட்டு சைக்கிள் ஸ்டிக்கரைப் பத்தி ரெண்டு பக்கம். குறும்பட விழாவுல கைதட்டு வாங்கிட்டுப் போயிடலாம், ஆனா தர்மபுரிக்காரன் பார்த்தா சிரிப்பான்.

சாக்பீஸ்தூள்

வாய் திறக்காமல் இல்லை, விடுதியைத் தனியாகப் பேசலாம் என்று நிறுத்தியது அதற்காகத்தான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் எல்லாவற்றையும் பள்ளிக்குள் தடை செய்யச் சொன்னது. ஆகவே கயிறு காட்டுவது கற்பனை இல்லை. ஆனால் உங்கள் படத்தில் காட்டினால் இரண்டு சிக்கல். நிறத்தை வைத்தே பார்வையாளர் ஒரு சாதியைப் பெயர் சொல்லிவிடுவார், அதன்பின் படத்தை யாரும் படமாகப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, கயிற்றை அவிழ்த்தால் பிரச்சினை முடிந்தது போல் ஒரு தோற்றம் வந்துவிடும்.

சாதி பள்ளிக்குள் வேலை செய்வது சின்னச் சின்னக் கேள்விகளில். "எந்த ஊர்?" என்பது முதல் கேள்வி. "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பது இரண்டாவது. புதுப்பெண்ணிடம் இந்த இரண்டாவது கேள்வியை யாராவது கேட்டு, அவள் பதில் சொல்லும் முன் காட்சியை வெட்டினால் போதும். ஒரே ஊருக்கு இரண்டு பஸ் நிறுத்தம் இருக்கும், ஊர் ஒன்று, காலனி ஒன்று. ஒரே பஸ்ஸில் சிரித்துப் பேசி வந்தவர்கள் இரண்டு நிறுத்தத்தில் இறங்குவார்கள். திருவிழாவுக்கு வகுப்பில் பாதிப் பேரை வீட்டுக்கு அழைத்து, மீதிப் பேரை அழைக்காமல் விடுவார்கள்.

விடுதி இன்னும் வெளிப்படை. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று பெயர்ப்பலகையிலேயே இருந்தது. 2025-ல் எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயர் வைத்தார்கள். ஆனாலும் எந்தக் கட்டடம் எது என்று ஊருக்குத் தெரியும். "நீ எந்த ஹாஸ்டல்?" என்று ஒருவன் கேட்பது தங்குமிடம் தெரிந்துகொள்ள மட்டும் இல்லை.

டேக்_டூ

சாக்பீஸ் சார் சொல்றது சரிங்க, ஆனா ஒரு எச்சரிக்கை. ரெண்டு நிறுத்தத்துல இறங்கற ஷாட் தர்மபுரி ஆடியன்ஸுக்குப் புரியும். சென்னையில உட்கார்ந்து பார்க்கறவருக்குப் புரியாது. அவருக்காக ஒரு வசனம் சேர்த்தா, புரிஞ்சவங்களுக்கு அது பாடம் நடத்தற மாதிரி ஆயிடும்.

தொப்பூர்க்கணவாய்

சென்னைக்காரருக்குப் புரியாவிட்டால் போகட்டும். ஆனால் காட்சியைத் திரும்ப வைத்தால் வசனம் தேவைப்படாது. முதல் முறை நால்வரும் பஸ்ஸில், இரண்டு நிறுத்தம். இரண்டாம் முறை ஒருவன் தன் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்குகிறான். விளக்கம் வேண்டாம், முகங்கள் போதும்.

அமெரிக்கப் படங்களும் இதே இடத்தில்தான் சறுக்கின. எண்பதுகளின் பிரபலமான ஹைஸ்கூல் படங்களில் பள்ளிக்கூடம் ஏறக்குறைய முழுக்க வெள்ளைப் பிள்ளைகள். 'மீன் கேர்ள்ஸ்' கேன்டீன் வரைபடத்தில் ஆசியர்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் தனித்தனி மேசை உண்டு, ஆனால் அது ஒரு சிரிப்பு வரியாகக் கடந்துபோகும். இனம், வர்க்கம் என்று வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டு 'அவன் விளையாட்டுக்காரன், இவன் கிறுக்கன்' என்று சுபாவமாக மாற்றிச் சொன்னதுதான் அந்த வகைப்படங்களின் பழக்கம். நீங்களும் சாதியை 'கெத்து', 'அமைதியான பையன்' என்று சுபாவமாக மாற்றிவிட்டால், மொழிதான் தமிழாக இருக்கும்.

சரியாக வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1985-ன் 'பிரேக்ஃபஸ்ட் கிளப்' ஐந்து டைப்களை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்க நூலகத்தில் அடைத்து வைக்கிறது. அதில் சாப்பாட்டு வேளை ஒன்று வரும். பணக்காரப் பெண் சுஷி, மல்யுத்தக்காரன் பை நிறைய சாண்ட்விச்சும் சிப்ஸும், படிக்கும் பையன் அம்மா ஓரம் வெட்டிக் கட்டிக் கொடுத்தது, ஒதுங்கிய பெண் ரொட்டிக்குள் சர்க்கரைப் பொடியும் சீரியலும், அடாவடிப் பையனிடம் ஒன்றுமே இல்லை. ஐந்து வீடும் மேசைமேல் வந்துவிடும். உங்கள் மதியக் காட்சிக்கு வரைபடத்தை விட்டு இதைப் பாருங்கள்.

சாக்பீஸ்தூள்

அந்தச் சாப்பாட்டு வேளைக்கு நம் கணக்கு: சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றில் அது நின்றுபோகிறது. போன வருடம் வரை முட்டையோடு வரிசையில் நின்றவன் இந்த வருடம் டப்பா கொண்டுவர வேண்டும். அம்மா அப்பா பெங்களூரில் கட்டட வேலை, பாட்டியோடு இருக்கிறான் என்றால் காலையில் கட்டித் தருவது யார்? களி கிண்டினாலும் அதை டப்பாவில் எடுத்துவரக் கூச்சப்படுவான். விடுதிப் பையன் விடுதிச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவருவான், அல்லது போய்ச் சாப்பிட்டுவிட்டு ஓடிவருவான். கடைக்குப் போய் போண்டா தின்பவன் ஒருவன். 'பசியில்லை' என்று நூலகத்துக்குப் போகிறவன் ஒருவன். பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்தை வைத்தீர்கள் என்றால் இது எல்லாருக்கும் புதுசு.

பென்னாகரம்_ரோடு

எல்லாருக்கும் நன்றிங்க. இப்ப இப்படி மாத்தியிருக்கு:

சேர்க்கை நாள்ல தொடக்கம். ரெண்டு பசங்க பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்ச். ஒருத்தன் ஃபர்ஸ்ட் குரூப், இன்னொருத்தன் தொழிற்கல்வி. ஓசூர்ப் பொண்ணு ஃபர்ஸ்ட் குரூப்ல சேர்றா. பதிவேடு தூக்கற பொண்ணு நாலாவது ஆள். சத்துணவு நின்னு போன முதல் வாரம். ஸ்பெஷல் கிளாஸ், பஸ், நோட்டு. ரெண்டு நிறுத்தம் ரெண்டு தடவை. மாதத் தேர்வு லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் குரூப் பையன் பேரு 'மெல்லக் கற்போர்'ல வருது. கபடி கேப்டன் கிளாஸ்ல ஒரு ஆளா பின்னாடி இருக்கான், கையில சாவி மட்டும். கண்ணாடி, ஓவியம், பணக்காரி எல்லாம் போச்சு.

கடைசியில பிரிஞ்ச ரெண்டு பேரும் சேரணுமா வேண்டாமான்னு குழுவுல சண்டை நடக்குது.

அவ்வைநெல்லி

ஆண்டு விழா மேடையில் எல்லாரும் சேர்ந்து ஆடி முடிக்காமல் இருந்தால் சரி. நோட்டு ஒருமுறை கைமாறட்டும், அதற்கு என்ன விலை கேட்கப்பட்டது என்பது தெரியட்டும். மற்றதை எடிட்டிங் மேசையில் பாருங்கள்.

பதிவேடு தூக்கும் பெண்ணுக்கு ஒரு ஆசை எழுதுங்கள். இப்போது அவள் மற்ற மூவரின் கதைக்கு வேலைக்காரி.

அப்புறம், பாதியில் கல்யாணம் ஆகி நின்றுபோகும் பெண் என்று ஏதாவது திருப்பம் யோசித்தால், அதைத் திடுக்கிட வைக்கும் கருவியாக வைக்க வேண்டாம். நம் இரண்டு மாவட்டத்திலும் அது நடக்கிற விஷயம். வைத்தால் முழுக் கதையாக வையுங்கள், இல்லை தொடாதீர்கள்.

டேக்_டூ

ஷூட்டிங் சமாச்சாரம். நடிக்கறவங்க வயசு முதல்ல. 1978-ல வந்த 'கிரீஸ்' படத்துல ஹைஸ்கூல் பொண்ணா நடிச்ச ஸ்டாக்கர்ட் சேனிங்குக்கு ஷூட்டிங் நேரத்துல 33 வயசு, ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 28. 'பிரேக்ஃபஸ்ட் கிளப்'ல அடாவடிப் பையனுக்கு 24, மோலி ரிங்வால்டுக்கு 16. சின்னப் பிள்ளைங்களை வெச்சா வேலை நேரம் குறையும், படிப்புக்கு நேரம் ஒதுக்கணும், அதனால அங்க பெரியவங்களைப் போடுவாங்க. பார்க்கற பிள்ளை "என் மூஞ்சி மட்டும் ஏன் இப்படி இருக்கு"ன்னு நினைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். நீங்க 16, 17 வயசுப் பசங்களையே போடுங்க. தாடி மழிச்ச காலேஜ் பையன் குளோஸ்-அப்ல மாட்டிப்பான்.

பின்னணியில ஆறாவது ஏழாவதுப் பிள்ளைங்க வந்தா சட்டம் இருக்கு. 14 வயசுக்குக் கீழ உள்ளவங்களை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியர்கிட்ட அனுமதி வாங்கணும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓய்வில்லாம 3 மணி நேரத்துக்கு மேல கூடாது. அஞ்சு பிள்ளைங்களுக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்துல 20 சதவீதமாவது பிள்ளை பேர்ல வைப்புத்தொகையா போடணும். இதெல்லாம் 2017 விதி. குறும்படம்தானேன்னு விட்டுடாதீங்க. 14-க்கு மேல இருந்தாலும் பெத்தவங்க கையெழுத்து எழுத்துல வேணும்.

ஸ்கூல் அனுமதியும் எழுத்துல. தலைமையாசிரியர் வாயால சொன்னதை நம்பி வண்டி எடுக்காதீங்க, முதன்மைக் கல்வி அலுவலகம் வழியா போங்க. மே மாச லீவுல எடுத்தா இடம் காலியா கிடைக்கும். ஆனா கதை ஜூன். மே வெயில்ல மைதானம் வெளுத்து, மரமெல்லாம் காஞ்சு நிக்கும். மைதான ஷாட்டை மட்டும் ஒரு மழை பெஞ்ச பிறகு எடுங்க.

வகுப்பறைக்கு 36 பேர், பெஞ்சுக்கு நாலுன்னு ஒன்பது பெஞ்ச். யார் எங்கன்னு தாள்ல வரைஞ்சு ஒவ்வொரு நாளும் அதே மாதிரி உட்கார வைங்க. கதையில இடம் மாறற ஆளு மட்டும் மாறணும். மத்தவங்களும் மாறிட்டா, அந்த மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியாது. கரும்பலகை ஓரத்துல தேதி, பதிவு, வருகை எழுதியிருப்பாங்க இல்ல, கன்டினியூட்டி தப்பை, அதாவது ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாததை, காட்டிக் குடுக்கற முதல் இடம் அதுதான். பதிவு 36, வருகை 33ன்னா அன்னைக்கு மூணு இடம் காலியா இருக்கணும். சத்தத்துக்கு ஃபேனை நிறுத்திட்டு எடுங்க, ஃபேன் சத்தத்தைத் தனியா ஒரு நிமிஷம் பதிவு பண்ணி அப்புறம் கீழ போட்டுக்கலாம்.

மாங்கொட்டை

பஸ் சீன் எப்படி எடுப்பீங்க? ஓடற டவுன் பஸ்ல கேமரா தூக்கினா கண்டக்டர் இறக்கி விட்டுடுவாரு.

டேக்_டூ

பழைய பஸ் ஒண்ணு ஒரு நாள் வாடகைக்கு எடுங்க, வெளிப்பக்க பெயின்ட் தெரியாத மாதிரி உள்ளேருந்தே எடுக்கலாம். ஒரே நாள்ல ரெண்டு இறங்கற சீனும் எடுத்துடணும். முதல் சீனைக் காலையில எடுத்து, வெளிச்சம் சாயற திசைக்கு எதிர்ப்பக்கமா பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினா சாயங்காலம் மாதிரியே வரும். ரெண்டாவது சீனை நிஜச் சாயங்காலத்துல எடுங்க. பஸ்ஸை முன்னப் பின்ன ஒரு கிலோமீட்டர் ஓட்டினா போதும், ஆனா ஜன்னலுக்கு வெளிய ஒரே புளியமரம் ரெண்டு தடவை வராம பார்த்துக்கோங்க.